மூன்றாம் சீட்டின் மேல் ஒரு விரல்

ஓஸ்வால்ட் கம்ப்யூட்டரில் மூன்றாம் சீட்டைத் தொட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். பதிவும் செய்யவில்லை, விடவும் இல்லை. லிங்கராஜபுரத்து பஸ் டிக்கெட் கவுண்டரில் தினமும் காலையில் நடக்கிற கூத்து இது. சார்ட்டில் பென்சில் புள்ளி வைத்து சீட்டுப் பிடித்த காலத்திலிருந்தே வந்த பழக்கம்.

கம்பெனியின் எல்லாக் கவுண்டர்களுக்கும் இப்போது ஒரே டேட்டாபேஸ். அதில் சீட்டுக்கு ஒரு வரி. ஒருவர் ஒரு வரியைத் திருத்தத் தொட்டால், அவர் ‘சேவ்’ அல்லது ‘கேன்சல்’ அடிக்கும்வரை மற்றவர் அதில் கைவைக்க முடியாது. திரையில் மணற்கடிகாரம் நின்றுகொண்டே இருக்கும். மற்ற வரிகள் பாட்டுக்கு விற்கும். ஒரே சீட்டை இரண்டு பேருக்கு விற்று அடிதடி வரக்கூடாது என்று செய்த நல்ல ஏற்பாடுதான். பாவம், செய்தவர்கள் ஓஸ்வால்டைப் பார்த்ததில்லை.

“யாராச்சும் வயசானவங்க வருவாங்க மா, முன்சீட்டு வேணாமா?” என்பார், கேட்பவர்களிடம். வருவதென்னவோ பெரும்பாலும் அவருடைய சர்ச் கொயர்க்காரர்கள்தான்.

நீலசந்திரா கவுண்டரிலிருந்து சேஷகிரி போன் செய்வார். “மூணை விடுப்பா, பேஜாரா இருக்கு.”

கொஞ்சம் பொறு என்பதை ஓஸ்வால்ட் பாதிக் கன்னடத்தில் சொல்வார்:

“சொல்ப இருப்பா, டீ ஆறிடும்.”

ஒரு சனிக்கிழமை பிரகாஷ் தன் மனைவி காந்தாவைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தான். வயிற்றில் ஆபரேஷன் ஆகி, திருவண்ணாமலையில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போகிறாள். “பின்னாடி சீட்டுல தூக்கிப் போட்டா இவ தாங்க மாட்டா சார். முன்னாடி ரெண்டு குடுங்க.”

ஓஸ்வால்டுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. மூன்றுதான் கையில் இருக்கிறதே. பக்கத்திலிருந்த நாலைத் தொட்டார். மணற்கடிகாரம். அங்கே சேஷகிரி நாலைப் பிடித்துக்கொண்டு மூன்றுக்காகக் காத்திருந்தார். அவர் விட்டால்தான் இவருக்கு, இவர் விட்டால்தான் அவருக்கு. போன் போட்டார், எங்கேஜ்டு. அவரும் இவருக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்படி இரண்டு பேர் மாட்டிக்கொண்டால், டேட்டாபேஸே ஒருவரைத் தள்ளிவிட்டு மற்றவருக்கு வழிவிடும். ஓஸ்வால்டின் திரையில் சிவப்பு எழுத்து வந்தது. அவர் வேலை ரத்து. கையிலிருந்த மூன்றும் போயிற்று. காந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஓஸ்வால்டுக்கு அழுகையே வந்துவிட்டது.

போன் மணி அடித்தது. சேஷகிரி.

“மூணு வந்துச்சுப்பா. ரொம்ப நாள் ஆசை.”

“சேவ் பண்ணிட்டியா?”

“இல்ல. பார்ட்டி யாரும் இல்ல. சும்மா புடிச்சு வெச்சேன், உன்ன மாதிரி.”

“ரெண்டையும் விடுப்பா. ஆபரேஷன் ஆன பொண்ணு உக்காந்திருக்கு.”

“சொல்ப இருப்பா, டீ ஆறிடும்.”

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு, ‘கேன்சல்’ அடிக்கும் சத்தம். இரண்டு சீட்டும் காலியாயின. ஓஸ்வால்ட் டீயைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இரண்டையும் தொட்டு, அதே மூச்சில் ‘சேவ்’ அடித்தார்.

“நீங்க நல்லா இருக்கணும் அண்ணா” என்றாள் காந்தா, டிக்கெட்டை வாங்கிக்கொண்டு.

“கர்த்தர் பாத்துக்குவார் மா” என்று வலது கையைத் தூக்கி ஆசீர்வதித்தார். இடது கை நாளைய பஸ்ஸின் மூன்றாம் சீட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது.