காட்டாத சீட்டுகள்

புள்ளிவிவர அலுவலகத்தில் இருபது வருடம் குப்பை கொட்டியவளுக்கு, எண்களைப் பார்த்துப் பயம் வந்தது அன்றுதான். போக்கர் சீட்டாட்ட மன்றத்துச் செயலாளர் அனுப்பிய தாள்கள் சாப்பாட்டு மேசை முழுக்கக் கிடந்தன. சீட்டில் அடையாளம் வைத்து ஆடுகிறான் என்று அவள் கொழுந்தன்மேல் புகார். நாலு மணிக்குக் கூட்டம். குற்றம் உறுதியானால் இனி எந்த மன்றத்திலும் அவனை உள்ளே விடமாட்டார்கள். "உங்க வீட்டுப் பிள்ளைன்னு பாக்காம, கணக்கு என்ன சொல்லுதோ அதைச் சொல்லுங்க மேடம்" என்று செயலாளர் பாரத்தை அவள் தலையில் கட்டிவிட்டார்.

கணக்கோ அவனுக்கு எதிராகவே நின்றது. மூன்று மாதத்தில் கடைசிவரை நின்று அவன் சீட்டைத் திறந்து காட்டிய ஆட்டங்கள் தொண்ணூற்றாறு. அதில் எழுபத்தெட்டில் அவனுக்குத்தான் ஜெயம். மற்றவர்கள் யாரும் பாதியைக்கூடத் தாண்டவில்லை. மூன்று தரம் போட்டுப் பார்த்தாள், மாறவே இல்லை.

கொழுந்தன் எதிரே உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். மன்றத்தில் அவன் விடும் கதை கொஞ்சநஞ்சமா! கையில் நல்ல சீட்டு ஒன்றுமே இல்லாமல் எதிராளியை மிரட்டியே ஓட விடுவானாம்.

"அண்ணி, சத்தியமா நான் ஒண்ணும் பண்ணலை."

"கொஞ்சம் வாயை மூடிட்டு இருடா. எனக்கே உசிரு போயிட்டு வருது."

மணி இரண்டரை. தாள்களை அடுக்கும்போதுதான் ஆட்ட எண்கள் கண்ணில் பட்டன. பதினேழுக்கு அடுத்தது நாற்பத்தொன்பது. அதற்கடுத்தது எண்பது. அடக் கடவுளே! திறந்து காட்டிய ஆட்டங்களை மட்டும் அனுப்பியிருக்கிறார் மனுஷன். காட்டாமல் கவிழ்த்த சீட்டுகள் கணக்கிலேயே இல்லை. புதிதாக வேலைக்கு வருபவர்களை இதே தப்புக்குத்தான் அவள் வறுத்தெடுப்பாள்.

போன் போட்டு மீதித் தாள்களை வரவழைத்தாள். கூட்டிப் பார்த்ததும் மூச்சு திரும்பியது. இரண்டாயிரத்துச் சொச்சம் ஆட்டங்களில் அநேகமாக எல்லாவற்றிலும் கொழுந்தனார் முதல் சுற்றிலேயே சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கியிருந்தார். ஏஸ், ராஜா என்று பெரிய சீட்டாக வந்தால்தான் நிற்பது. அப்படி நின்றால் யார்தான் ஜெயிக்க மாட்டார்கள்? மிரட்டல் என்று ஒன்றுகூட இல்லை.

கூட்டத்தில் எழுந்து, ஒவ்வோர் எண்ணாக வாசித்தாள்.

"இவன் ஏமாத்தலைங்க. பயந்து பயந்து ஆடறான், அவ்வளவுதான்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார். அப்புறம் கூடம் முழுக்கச் சிரிப்பு. செயலாளர் ஓடிவந்து அவன் தோளைத் தட்டி மன்னிப்புக் கேட்டார். அவன் தலை நிமிரவில்லை.

படியிறங்கும்போதுதான் வாயைத் திறந்தான்.

"திருடன்னே சொல்லிட்டு வந்திருக்கலாம் அண்ணி."

மன்றம் அவனை நீக்கவில்லை. அவன்தான் அதற்கப்புறம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.