பாவின் மேல் போட்ட வேலி

என் பெரியப்பாவை நல்லவர் என்று சொல்ல ஆரணியில் இன்றும் ஆட்கள் இருக்கிறார்கள். கோயிலுக்குக் குத்துவிளக்கு வாங்கிக் கொடுத்த புண்ணியவான் ஆயிற்றே. எங்கள் வீட்டுப் பின்பக்கம் அவர் முள்கம்பி வேலி போட்ட காலையில் அவர்கள் யாரும் அங்கே இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி. பாகம் பிரித்ததில் பின்பக்க மனை அவருக்குப் போயிற்று. கைத்தறியில் பட்டு நெய்த எங்களுக்கு, பாவு என்னும் நீளவாட்டு நூலை இழுக்க வேறு இடமில்லை. நெய்வதற்கு முன் பட்டுப் பாவை நீளமாக இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, ஒரு முனையிலிருந்து உருளையில் சுற்றிக்கொண்டு வர வேண்டும். நடுவில் எடுக்க முடியாது. ஏற்கெனவே ஒரு பாவு வீணானதில், இன்னொன்று கெட்டால் இனிப் பாவே கிடையாது என்று எங்களுக்குப் பாவு கொடுத்துக் கூலிக்கு நெய்ய வைக்கும் பட்டுக்கடை முதலாளி சொல்லியிருந்தார். பெரியப்பாவின் பவர்லூம் கொட்டகைக்கோ ஆள் தேவை. கூப்பிட்டுப் பார்த்தார், அப்பா மசியவில்லை.

பெரியப்பா வைரம் பாய்ந்த வேல மரக் கம்பங்களை எல்லையில் வரிசையாக நட்டார். “இந்த ஒரு பாவ மட்டும் இழுத்துக்கடா” என்று அப்பாவிடம் அவரேதான் சொன்னார். மறுநாள் விடிந்ததும் கம்பங்களுக்கு நடுவே நுழைத்துப் பாவை இழுத்துக் கட்டினோம். கட்டி முடிக்கும்வரை காபி குடித்துக்கொண்டிருந்தவர், அதன் பிறகு வேலிக்காரரோடு வந்தார்.

வேலிக்காரர் வெம்பாக்கம் பக்கத்து ஆள். பாவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “பட்டு நட்டநடுவுல கீதுங்களே. சுத்திக்கட்டும், அப்பால அடிக்கிறேன்.”

“உனக்கு இன்னாப்பா? ஜல்தி அடி” என்றார் பெரியப்பா.

அம்மா ஓடிவந்து கும்பிட்டாள். “சுத்திகினே இருக்கிறோம் மாமா. கொஞ்சம் பொறுங்க.” பெரியப்பா கம்பத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மரத்தில் ஆணி லேசில் இறங்காது. கம்பியின் மேல் கவிழ்த்து அடித்த யூ ஆணிகள் கோணிக்கொண்டு தெறித்தன. ஒவ்வொன்று தெறிக்கும்போதும் எனக்கு உயிர் வந்தது. அப்பாவின் கை உருளையில் பறந்தது. பாவு பாதிகூடச் சுற்றவில்லை, ஆணி பிடித்துவிட்டது. கம்பியின் மறுமுனையைக் கடப்பாரையால் நெம்பி இறுக்கினார்கள். இறுகும்போது முள்கம்பி சுழலும். கீழ்க்கம்பி எங்கள் பாவின் மேல் சுழன்றது. மாம்பழ நிறப் பட்டு முள்ளோடு சுற்றிக்கொண்டு அறுந்தது.

வேலிக்காரர் சுத்தியலைப் போட்டுவிட்டார். “மிச்சத்த நீங்களே அடிச்சிக்கோங்க” என்று கிளம்பிவிட்டார். கடைசிக் கம்பத்தில் ஆணி இல்லாமல் கம்பி தளர்ந்து தொங்கியது.

பெரியப்பா அப்பாவிடம் சொன்னார்: “இழுத்துக்கச் சொன்னேன். வேலி போட மாட்டேன்னு சொன்னேனா?”

முள்ளில் மாட்டிய பாவை அப்பாவே கத்திரியால் வெட்டி எடுத்தார். முதலாளியும் சொன்ன சொல் தவறவில்லை. சில நாளில் அப்பா தெருவைச் சுற்றிக்கொண்டு பெரியப்பாவின் கொட்டகைக்கு வேலைக்குப் போனார்.

அவரை உடனே தறிப் பக்கம் விடவில்லை. “மொதல்ல அந்தக் கம்பிய இழுத்து அடிச்சிட்டு வா” என்று சுத்தியலை நீட்டினார் பெரியப்பா. அம்மாவும் நானும் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். அப்பா எங்களைப் பார்க்காமல் அடித்து முடித்தார். பெரியப்பா கம்பியை ஆட்டிப் பார்த்து, “பரவாயில்லடா, கையில பலம் கீது” என்றார்.

அப்பா சிரித்தார். ஒரு வேலைக்காரன் முதலாளிக்குச் சிரிக்கும் சிரிப்பு. அதை அவர் வாயில் வரவழைத்ததற்காகத்தான் அந்த மனுஷனை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.