அம்மை குத்த வந்த நர்ஸம்மா

எழுபதுகளில் ஒக்கூர்ப் பக்கம் ஒரு செங்கல் சூளையில் நானும் என் வீட்டுக்காரரும் நாலு வருஷம் அடைபட்டுக் கிடந்தோம். சூளை முதலாளியிடம் வாங்கிய கடனுக்கு உழைக்க வந்தவர்கள் நாங்கள். சூளையைச் சுற்றி வேலி கிடையாது. ஆனால் தாண்டிப் போனவர்களை மேஸ்திரி ஆள் விட்டுப் பிடித்துவந்து அடிப்பார். என் அம்மா செத்த சேதி வந்த அன்றுகூட, "குழைச்ச மண்ணு காஞ்சு போகும்" என்று என்னை விடவில்லை. அழுதுகொண்டே கல் அறுத்தேன்.

ஒருநாள் அம்மை குத்த ஒரு நர்ஸம்மா வந்தார். மேஸ்திரி கொஞ்சம் நகர்ந்ததும் என் கையைப் பிடித்தபடி, "ஊருக்குப் போயி எம்புட்டு நாளாச்சு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"விட மாட்டாக" என்றேன். அவ்வளவுதான் பேச முடிந்தது.

அதை வைத்தே அவர் தாசில்தாருக்கு மனு எழுதிப் போட்டார். முதலாளியின் ஆட்கள் அவர் வீட்டைத் தேடிப் போய் மிரட்டியும் மனுவைத் திரும்ப வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துத் தாசில்தாரோடு வந்தார்.

"நீங்க எல்லாரும் போகலாம்" என்றார் தாசில்தார். ஒருவரும் அசையவில்லை. மேஸ்திரியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். நர்ஸம்மா என் பாயையும் சட்டியையும் தானே எடுத்துக்கொண்டார்.

"வாத்தா, பஸ்ஸு வந்துரும்" என்று முன்னால் நடந்தார். நானும் என் வீட்டுக்காரரும் பின்னாலேயே போனோம்.

திருக்கோஷ்டியூர் தாண்டும் வரை, மேஸ்திரியின் ஆள் வருகிறானா என்று பஸ் ஜன்னலில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன்.