இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவர்

"கிளட்சை விடாதீங்க. மாப்ளே, காத்து அடிக்குதா? கண்ணாடிய ஏத்திக்க. கிளட்சு, கிளட்சு" என்று ஒரே மூச்சில் எனக்கும் பின்சீட்டுக்கும் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தார் மாஸ்டர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவர் தொழில். தலை நரைத்த பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்த நான் அவருடைய காலை நேரத்து மாணவன். பின்சீட்டில் இருந்தவர் அவருடைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியால் புதிதாகக் காயில் சுற்றி வார்னிஷ் பூசிக் கொடுக்கிறவர். அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் என்று அப்போதுதான் தெரிந்திருந்தது.

"உங்களுக்கும் வண்டி ஓட்டின மாதிரி ஆச்சு, அவனுக்கும் ஆஸ்பத்திரி போன மாதிரி ஆச்சு" என்று என் பாடத்தை மாஸ்டர் ஆஸ்பத்திரி சாலைக்கு மாற்றிவிட்டார். என்னைக் கேட்டெல்லாம் மாற்றவில்லை. நான் ரிவர்ஸ் எடுக்கப் பழகியது ஸ்கேன் கட்டடத்தின் பின்புறத்தில்தான். இன்றைக்கும் ரிவர்ஸ் எடுக்கும்போது பின்சீட்டில் அந்த மனிதர் சட்டையில் வார்னிஷ் வாசனையோடு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். அந்தக் காலைகளுக்காக மனசு ஏங்குகிறது.

மாஸ்டர் கட்டையான ஆள். பயிற்சிக் காரில் அவர் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதைவிட அவர் வாய் நன்றாக வேலை செய்யும். பழைய கதையை ஆரம்பித்தால் சிக்னல் பச்சையானதுகூடத் தெரியாது. சிநேகிதருக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். வெளியாட்கள் முன்னால் இன்னும் அதிகமாகத் திக்கும். "வாத்தியார் இவன் பேரைக் கூப்பிட்டா நான்தான் 'இருக்கான் சார்'னு சொல்லுவேன். இவன் வாயத் திறக்கறதுக்குள்ள மணி அடிச்சுடும்ல. இவன் பொண்டாட்டிகிட்ட 'உங்களைப் புடிச்சிருக்கு'ன்னு மொதல்ல சொன்னதே நான்தான், இவன் சார்பா."

"அ... அவ பயந்துட்டா" என்று பின்னாலிருந்து வரும். மூன்று பேரும் சிரிப்போம். பின்சீட்டுச் சிரிப்பு இருமலில் போய் முடியும். அது ஓயும்வரை மாஸ்டர் கண்ணாடியைத் துடைப்பார், துடைத்ததையே திரும்பவும் துடைப்பார்.

"அவர் சிகரெட் புடிப்பாரா?" என்று கேட்காத ஆள் இல்லை. மாஸ்டருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வரும். "புடிச்சவன் நான். குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். போதுமா?" என்பார்.

சிகிச்சையைப் பற்றி அவர் விசாரிக்காத இடமில்லை. மருந்துக்கடை, எக்ஸ்ரே அறை, அவரிடம் வண்டி கற்றுக்கொள்ளும் நர்ஸம்மா, யாரையும் விடவில்லை. கேட்டதையெல்லாம் தன் தொழில் பாஷைக்கு மாற்றி எங்களுக்குப் பாடம் நடத்துவார். "கதிர்வீச்சு, சந்துக்குள்ள ரிவர்ஸ் எடுக்கற மாதிரி. குறி பாத்துத்தான் போகணும். கீமோ மருந்து தெருத்தெருவாப் போயி தேடும். ஆபரேஷன்னா வேரோட எடுத்துடுவாங்க, தொல்லை விட்டுது. நமக்கு ஆபரேஷன்தான்." நமக்கு என்றுதான் சொல்வார். பின்சீட்டு மௌனமாக இருக்கும். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வதுதான் மாஸ்டருக்கு எத்தனையோ வருஷப் பழக்கம்.

ஆஸ்பத்திரியில் லிஃப்டுக்குக் காத்திருக்க அவருக்குப் பொறுமை கிடையாது. பேர், வயசு எல்லாம் கவுண்டரில் தானே சொல்ல வேண்டுமென்று படியேறி முன்னால் ஓடிவிடுவார். ஸ்கேன் கவரைத் தூக்கிக்கொண்டு நானும் சிநேகிதரும் பின்னால் போவோம். படிக்கட்டின் முதல் திருப்பத்திலேயே சிநேகிதர் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்வார். வாருக்கு ஒன்றும் ஆகியிருக்காது. மூச்சுதான் திரும்பி வர வேண்டியிருக்கும். "அ... அவன்கிட்ட சொல்லாதீங்க. தூ... தூங்க மாட்டான்" என்பார்.

முடிவெடுக்கிற நாளன்று அறைக்குள் மூன்று பேரும் போனோம். டாக்டரம்மா சிறு வயசுக்காரர், நிதானமானவர். சிநேகிதரைப் பார்த்தே பேசினார். "ரெண்டு வழி இருக்கு. கட்டி இருக்கற பகுதிய ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம். அதுக்கு மிச்சம் இருக்கற நுரையீரல் தாங்கணும். தாங்காதுன்னா கதிர்வீச்சும் மருந்தும் சேத்துக் குடுக்கலாம். ஊதிப் பாக்கற பரிசோதனையும் பண்ணப் போறோம். அதுக்கு முன்னாடி நீங்களே சொல்லுங்க. படி ஏறினா மூச்சு வாங்குதா?"

"மூணு மாடி நிக்காம ஏறுவான் டாக்டர்" என்றார் மாஸ்டர். பொய் சொல்லவில்லை அவர். முன்னால் ஓடுகிறவர் எதைப் பார்த்தார்?

"நான் அவரைக் கேட்டேன்."

சிநேகிதர் நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தார். "மு... மு..." என்று நின்றது. கழுத்து நரம்பு புடைத்தது. மாஸ்டரின் உதடுகள் தாமாகவே பிரிந்தன. சிநேகிதர் அவர் பக்கம் திரும்பி, வேண்டாம் என்று தலையசைத்தார். அவர்கள் சிநேகத்தில் அப்படி ஒரு தலையசைப்பு அதற்குமுன் நடந்திருக்காது என்று நினைக்கிறேன். மாஸ்டர் தன் உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டார். டாக்டரம்மா பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் உதவவில்லை.

"மு... முதல் மாடியே ஏற முடியல டாக்டர். ந... நடுவுல நின்னு நின்னுதான் வரேன். ஆ... ஆபரேஷன்னா பயமா இருக்கு. இ... இவனுக்குத் தெரியாது."

டாக்டரம்மா அடுத்த கேள்வியைக் கேட்டார். அதற்கடுத்ததையும் கேட்டார். எல்லாவற்றுக்கும் சிநேகிதரே திக்கித் திக்கிப் பதில் சொன்னார். மாஸ்டரின் விரல்களின் மேல் கண்ணீர் வழிந்தது. வாயிலிருந்து கையை மட்டும் அவர் எடுக்கவே இல்லை.