குரல் இல்லாத பேட்டி

பெரிய காஞ்சிபுரத்தில் எங்கள் தெருமுனையில் தள்ளுவண்டியில் இஸ்திரி போட்ட அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டதேயில்லை. ஒல்லி உடம்பு, வாய் நிறைய வெற்றிலை. எதிர் டீக்கடை டிவியில் அமைச்சர் யாராவது பேசினால், திரும்பித் துப்பிவிட்டுத்தான் அடுத்த சட்டையை எடுப்பார்.

ஒரு மழைக்காலத்தில், வேகவதி ஆற்றில் வெள்ளம் வராது, பயப்பட வேண்டாம் என்று அதிகாரிகள் ஆட்டோவில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அன்று மாலையே இடுப்பளவு தண்ணீர் வந்தது. அவருடைய வண்டியையும், கல்யாணத்துக்கென்று யாரோ தேய்க்கக் கொடுத்திருந்த பட்டுப்புடவைகளையும் வெள்ளம் அடித்துக்கொண்டு போயிற்று.

மறுநாள் ஒரு டிவி நிருபர் அவரிடம் மைக்கை நீட்டினார்.

“சொன்னா அப்படியே போடுவியாப்பா?”

“போடுவோம்மா.”

“வெள்ளம் வராதுன்னு சொல்லிக்கினு போனாங்க. வந்துடுச்சு. சொன்னவன் ஒருத்தனும் இன்னும் எட்டிப் பாக்கல. எழுதிக்கோ.”

வெள்ளத்துக்கு ஒதுங்கி அந்த அம்மாவும் நாங்களும் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் அன்றைய செய்தியைச் செல்போனில் பார்த்தோம். அவர் வாய் அசைந்தது, குரல் கேட்கவில்லை. “அரசின் துரித நடவடிக்கைக்குப் பொதுமக்கள் நன்றி தெரிவித்தனர்” என்று செய்தி வாசிப்பவர்தான் பேசினார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அம்மா சிரித்தார்.

“நான் எவ்ளோ மரியாதையா பேசறேன் பாருப்பா!”

அந்தச் சிரிப்பைவிடக் காட்டமான வசவை நான் இன்றுவரை கேட்டதில்லை.