மூன்று பேருக்கு நாலு நிழல்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பேய்க் கதை சொல்பவனைக் கண்டால் எனக்கே இளக்காரம்தான். பேரம் பேசிப் பிழைத்த குடும்பம் எங்களுடையது. எவன் என்ன சொன்னாலும் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் காதில் வாங்குவோம். இதில் தள்ள ஒன்றும் இல்லை. என் அச்சகத்தில், பட்டப்பகலில், என் கண் முன்னால் நடந்தது.

சோபாக்கடைக்காரருக்கு மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புதுக் கடை திறப்பு. வாசலில் நிறுத்த ஆறடி போஸ்டர் வேண்டும். மகா கஞ்சன். போஸ்டர் விலைக்கே முக்கால் மணி நேரம் என்னைப் பிழிந்தெடுத்தார். அவர் கொண்டுவந்த போட்டோவில், புதுக் கடைப் பலகைக்குக் கீழே அண்ணன் தம்பிகள் நாலு பேர். மூத்தவர் இவர்தான். ஓரத்தில் நின்ற கடைசித் தம்பியைக் காட்டி, "இவன் பங்கு பிரிச்சுட்டுப் போயிட்டான். தூக்கிருங்க" என்றார். அதற்குத் தனிக் கூலி என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். மறுபேச்சில்லாமல் தலையாட்டினார். ஏமாளி என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

தம்பியை அழித்தேன். மீதி மூவரையும் வெட்டி எடுத்து, தங்க நிறப் பின்னணியில் நிறுத்தி, காலடியில் மெல்லிய நிழல் கொடுத்தேன். பின்னணி ஊடே தெரிகிற நிழல்.

மதியம் 2.40. முதல் மாதிரி அச்சு வந்தது. திரையில் அழகு, தாளில் அசிங்கம். ஒவ்வொரு நிழலையும் சுற்றி வெளிறிய கட்டம். டிசைன் பார்க்கும் என் கொழுந்தியாள் மிஷினைக் குறை சொன்னாள். மிஷின் என்ன செய்யும், பாவம்? நிழல் திரையின் வண்ணக் கணக்கில் கலந்திருக்கும். பின்னணி மையின் கணக்கில் இருக்கும். இரண்டும் ஒட்டாது. எதிர்க்கடை அச்சகத்தான் இதற்கு மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொள்வான். நான் எல்லாவற்றையும் மைக் கணக்குக்கு மாற்றினேன். இரண்டு நிமிஷம்.

2.58. கட்டங்கள் போய்விட்டன.

"அத்தான், நிழல் நாலு இருக்கு."

"கண்ணாடியை மாத்தும்மா" என்றேன்.

எண்ணினேன். நாலு. ஓரத்தில், ஆளே இல்லாத இடத்தில் ஒன்று. கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும் பட அடுக்குகளில், தம்பி இருந்த அடுக்கை அழிக்காமல் மறைத்து மட்டும் வைத்துவிட்டேனா? கற்றுக்குட்டி செய்கிற தப்பு அது. தேடினேன். அப்படி ஓர் அடுக்கே இல்லை. ஆள், நிழல், பின்னணி எல்லாவற்றையும் ஒரே படமாக நசுக்கினேன். இனி ஒளிய இடமில்லை.

3.15. சர்ர்... சர்ர்... மிஷின் நடுவில் ஒரு நொடி நின்றது. மறுபடி... சர்ர்...

நாலு. இப்போது ஓரத்தில் இல்லை. மூத்தவர் பக்கம் நகர்ந்திருந்தது.

மையை மாற்றினேன். தாளை மாற்றினேன்.

3.31. மூத்தவர் முகம் சாம்பல் நிறம். மற்ற இருவர் முகமும் சரி. திரையில் அவரும் தக்காளி மாதிரிச் சிவந்து சிரித்தார்.

போன். அவர்தான். முகம் நன்றாக வந்திருக்கிறதா என்றார். வந்திருக்கிறது என்று புளுகினேன்.

3.47. சர்ர்... நின்றது.

நிழல் தரையில் இல்லை.

மூத்தவர் தோளில்... கை மாதிரி...

ஐந்து விரல்.

கொழுந்தியாள் பிளக்கைப் பிடுங்கினாள். நான் திட்டவில்லை.

3.52. மறுபடி போன். இரண்டாமவர். "போஸ்டர் வேணாங்க. அண்ணன் போயிட்டார். தோள் பாரமா இருக்குன்னார்... அவ்வளவுதான். அஞ்சு நிமிஷம் ஆச்சு."

பங்கு பிரித்துப் போன தம்பிக்குச் சொல்லியாயிற்றா என்று கேட்டேன்.

"எந்தத் தம்பி?"

"போட்டோவுல ஓரமா நின்னாரே..."



"அது போன வாரம் எடுத்த போட்டோங்க. நாங்க மூணு பேர்தான் நின்னோம். கடைசித் தம்பி செத்து ரெண்டு வருஷம் ஆச்சு."

அப்படியானால் என் கண்ணுக்கு மட்டுமில்லை, மூத்தவர் கண்ணுக்கும் அவன் தெரிந்திருக்கிறான்.

அதனால்தான் அவனைத் தூக்கும் கூலிக்கு மட்டும் பேரம் பேசவில்லை.