பனி இல்லாத மலையை ஏற்றிய நாள்

இதை எழுதாமலே விட்டிருப்பேன். பத்தாவதோடு படிப்புக்குக் கும்பிடு போட்டவனுக்கு எழுதுவதைவிடத் தூங்குவது சுலபம். ஆனால் என் நண்பன் இந்தக் கதையைத் தன்னுடைய கெட்டிக்காரத்தனமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

மலை மேலே சோலூரில் அவன் வீட்டில் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கும் அறை ஒன்று இருந்தது. அதற்கு வெள்ளையடித்து, பெரிய ஜன்னல் வைத்து, சுற்றுலா வருகிறவர்கள் தங்கும் அறையாக்கினான். அவன் அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "மொதல்ல வர்றவங்க ரெண்டு நாளும் முழுசாத் தங்கோணும். பாதியில போனாங்கன்னா மூட்டை மறுபடி உள்ள வந்துரும்."

முதலில் வந்தவர்கள் சென்னையில் இருந்து ஒரு கணவன் மனைவி. அவர்களோடு பனிமூட்டமும் வந்து தங்கிவிட்டது. அத்தனை பெரிய ஜன்னலில் தெரிந்ததெல்லாம் வெள்ளை. சாயங்காலம் வரை பார்த்துவிட்டு அந்த அண்ணன் சொன்னார்: "ப்ரோ, போட்டோல போட்ட வியூ இதுதானா? நாங்க காலைல கிளம்பிடறோம்."

நண்பன் அலறிக்கொண்டு எனக்குப் போன் போட்டான். பெங்களூரில் இருக்கும் பெரியப்பா மகன் பழசாகிவிட்டது என்று என் தலையில் கட்டிய வி.ஆர். ஹெட்செட் என்னிடம் இருந்தது. கண்ணை மறைத்து மாட்டினால் வேறு இடம் தெரியும். மலைக்காட்சி காட்டும் ஆப் ஒன்றை யாரோ செய்து ஒரு குரூப்பில் போட்டிருந்தார்கள். ஹெட்செட் கம்பெனியின் ஸ்டோரில் அது கிடையாது. லேப்டாப்பில் இருந்து கேபிள் போட்டு நாமே ஏற்ற வேண்டும். பக்கத்திலேயே பேயைச் சுடும் விளையாட்டு ஒன்றும் கிடந்தது. சும்மா கிடைப்பதை விடுவானேன் என்று அதையும் எடுத்துக்கொண்டேன்.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு ஓடினேன். வெளி ஆப்பை ஏற்ற விடும் டெவலப்பர் மோடை, ஹெட்செட்டோடு சேர்ந்த போன் ஆப்பில் போட்டுவிட்டுக் கேபிளைச் சொருகினேன். லேப்டாப் 'அனுமதி இல்லை' என்றது.

"கேபிள் செத்துப்போச்சுடா" என்றான். மாற்றினோம். அப்போதும் அனுமதி இல்லை.

"குளுருல வெறச்சிருக்கும். கணப்புகிட்ட வெச்சுப் பாப்பமா?"

"அது என்ன உங்கொப்பனோட முட்டியாடா, சூடு காட்டுனா சரியாகறதுக்கு?"

கடைசியில் அலுத்துப்போய் ஹெட்செட்டைத் தலையில் மாட்டினேன். 'இந்தக் கம்ப்யூட்டரை அனுமதிக்கலாமா?' என்ற கேள்வி உள்ளே நின்றுகொண்டிருந்தது. நாங்கள் வெளியே கேபிளின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்த நேரமெல்லாம் அது பொறுமையாகக் காத்திருந்திருக்கிறது. அனுமதித்தேன். இரண்டும் ஏறி, 'தெரியாத இடத்தில் இருந்து வந்தவை' என்ற தலைப்புக்குக் கீழே எங்களைப் போலவே பவ்யமாக உட்கார்ந்தன.

அண்ணன் மாட்டினார். "ப்ரோ, உள்ளயும் பனியா?"

குளிர்ந்த லென்ஸில் அவர் மூச்சுதான் படிந்திருந்தது. துடைத்துக் கொடுத்தேன். மலை தெரிந்தது. உச்சியெல்லாம் ஐஸ்.

"சூப்பர்! இது எந்தப் பக்கம் இருக்கு?"

நண்பன் கொஞ்சமும் கூசாமல் ஜன்னலில் இருந்த வெள்ளையைக் காட்டினான். "அந்தப் பக்கந்தானுங்க சார். பனி மறச்சிருக்குதுங்க."

கொஞ்ச நேரம் மலையைப் பார்த்தவர், பேய் விளையாட்டைத் திறந்தார். அவ்வளவுதான். அவரிடமிருந்து அந்த அக்கா பிடுங்கினார். அக்காவிடமிருந்து அவர் பிடுங்கினார். கிளம்பும் பேச்சே காணாமல் போனது.

மறுநாள் காலையில் சுள்ளென்று வெயில். எதிர்மலைத் தேயிலை பளபளத்தது. டீ கொண்டுபோனபோது அக்கா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காற்றைச் சுட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, "போதும், எனக்குக் குடு" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நண்பன் ஓசைப்படாமல் திரைச்சீலையை இழுத்து ஜன்னலை மறைத்துவிட்டு வெளியே வந்தான்.

"டேய், இந்த வெயிலுக்குத்தானடா நேத்து எல்லாச் சாமியையும் கும்புட்ட? கூப்புட்டுக் காட்டுடா" என்றேன்.

"வாய மூடு, வெயில் அடிக்குதுன்னு தெரிஞ்சா பொட்டியக் கட்டிட்டுக் குன்னூருக்குக் கெளம்பிருவாங்க."